லட்சத்து மூன்றைப் பங்கிடுவது பற்றி

மருதவாணர் அருள் முன்னிற்க.

பூனாவில் கணிதப் பேராசிரியராய் விளங்கும் அன்பு மைத்துனர் கல்யாணத்துக்கு, திருவிடைமருதூரிலிருந்து அத்தான் ஆனந்தம் வரைவது. இங்கு யாவரும் நலம் என்று தொடங்குவது மரபு. ‘யாவரும்’ என்பதற்கு இப்போது நான் ஒருவனே எனினும் மரபை விடவில்லை.

பள்ளியில் கணக்கு நடத்தி ஓய்வுபெற்ற தங்கள் தமக்கை கமலாம்பாள் கண்மூடுமுன், "எனக்காக லட்சத்து மூணு தடவை ‘சிவாய நம’ சொல்லுங்க. பங்கு போட்டா எல்லாருக்கும் சமமா இருக்கணும். ஒருத்தருக்குக் கூடுதல், ஒருத்தருக்குக் குறைச்சல்னு வரக் கூடாது" என்றாள். நஞ்சையைப் பிரித்தபோது ஒரு வரப்புக்காகப் பேச்சை நிறுத்திக்கொண்ட பிள்ளைகளைப் பெற்றவள் வேறென்ன சொல்வாள்? ஆண்டுத் திதி நெருங்குகிறது. ஒரு நாமமும் தொடங்கவில்லை. மக்கள் மூவரும் தொலைபேசியிலேயே பங்கிட்டார்கள், ஒன்று மிஞ்சியது. "ஒண்ணுதானே, நானே சொல்லிடறேன்" என்றாள் ஷைலஜா. "ஏன், அம்மாகிட்ட நீ மட்டும் நல்ல பேர் வாங்கவா?" என்றான் பரிதி. சண்டை வேண்டாமென்று மருமக்களையும் சேர்த்து அறுவராக்கினோம், ஒன்று மிஞ்சியது. என்னையும் சேர்த்து எழுவரானோம். நெல்லை அளந்து முடித்தபின் மரக்காலடியில் கிடக்கும் ஒற்றை மணிபோல் அப்போதும் ஒன்று கிடந்தது. பரிதியின் மாமியாரைச் சேர்த்தோம், மூன்று மிஞ்சியது. தம்மால் வந்த வினை என்று குத்திக்காட்டுவதாக எண்ணி அந்த அம்மாள் இன்றளவும் பேசுவதில்லை.

தங்களைக் கேட்டபோது, "அத்தான், அது பகா எண். ஒண்ணாலயும் தன்னாலயும் தவிர வேற எதாலயும் மீதியில்லாம வகுபடாது. எண்பது பேரைச் சேர்த்தாலும் இதே கதைதான்" என்றீர்கள். முன்னும் பின்னும் பத்து எண் தள்ளிப் பார்த்தாலும் அதன் இனத்தில் வேறொன்று இல்லையாம். லட்சத்து மூன்று சதுர அடி நிலத்தை, பக்கம் முழு அடியாக வரும் இரண்டு சதுர வயல்களாக அமைக்கவும் முடியாதாம். இத்தகைய எண்களுக்கு முடிவே கிடையாது என்றும் சொன்னீர்கள். பிரிக்கவொண்ணாதது பரம்பொருள் ஒன்றே என்று இதுகாறும் ஓதிவந்தேன்; துணைக்கு ஓர் எண்ணும் இருப்பதை இந்த வயதில் அறிந்தேன்.

ஆகையால் என் வேண்டுகோள்: ஐந்தைக் கூட்டி லட்சத்து எட்டு என்று கொண்டால் மங்கலமாகவும் இருக்கும், எண்மருக்கும் சமமாகவும் வரும். உடன்பிறந்தவர் என்ற உரிமையில் அதற்கு இசைவு தந்து ஒரு வரி எழுதுங்கள். அவள் சொல்லைத் தட்டிய பாவம் என்னைச் சேராது.

தங்கள் இல்லத்தில் நெல்லும் நற்சொல்லும் நிறைக.

இங்ஙனம்,
ஆனந்தம்

பின்குறிப்பு: இசைவு வேண்டாம். உறையை ஒட்டுமுன் எல்லாவற்றாலும் வகுத்துப் பார்த்த நாங்கள் ஒன்றால் வகுக்க மறந்தது புலப்பட்டது. எண்ணைத் தேர்ந்தவள் கணக்கு அறிந்தவள். முழுவதையும் நான் ஒருவனே சொல்வதென்று காலையில் காபி ஆறுவதற்குள் தொடங்கிவிட்டேன். அவள் பேசிக்கொண்டிருந்த நேரமெல்லாம் இப்போது நிரம்புகிறது. பிள்ளைகளுக்கும் சொல்லியாயிற்று. ஒரே கவலை, இது தீர்ந்துவிடும். திதிக்கு வரும்போது அடுத்த பகா எண்ணைக் குறித்து வாருங்கள். சற்றுப் பெரியதாக இருக்கட்டும்.