மாவீரன் வெஸ்தாரும் ஒரு கிண்ணம் தயிரும்

பனிக்கடலுக்கு நடுவே கிடக்கும் எங்கள் ஐஸ்லாந்து உலகத்துக்கு வழங்கியிருக்கும் மாபெரும் கொடை, மாவீரர் வெஸ்தார். மூன்று கொலை செய்து, சட்டத்துக்கு வெளியே தள்ளப்பட்டு, குகையில் வாழும் அந்த மேதையின் "சாதுரியம்" பற்றிப் பேசாத பண்ணை கிடையாது. அவர் வந்து கொள்ளையடித்தால்தான் ஒரு குடும்பத்துக்கே மரியாதை.

அந்த மரியாதை போன கோடையில் விதவை ஹால்பேராவுக்குக் கிடைத்தது. கம்பளிப் பாவாடையும் முக்காடுமாக ஒரு கிழவி நொண்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றாள். பசி என்றாள். ஹால்பேரா ஒரு கிண்ணம் தயிர் கொடுத்துவிட்டுத் தண்ணீர் எடுக்க ஓடைக்குப் போனாள். திரும்பினால் கிழவியும் இல்லை, இருந்த ஒரே பசுவும் இல்லை. முக்காடு நழுவிய ஒரு தாடிக்காரக் கிழவி, பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மலைச்சரிவில் பசுவை ஓட்டிக்கொண்டு போனாள்.

போனது போகட்டும் என்று இருக்க முடியுமா? குளிர்காலம் முழுக்க ஹால்பேராவின் பிள்ளைகள் இரண்டுக்கும் அந்தப் பால்தான் சாப்பாடு. நியாயம் கேட்டு ஊர்ச்சபைக்கு நடந்தாள். தலைவர் கோல்பெய்ன் கதையைக் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு சட்டம் ஞாபகம் வந்து முகத்தை இறுக்கிக்கொண்டார்.

"ஏம்மா, வெஸ்தாருக்குச் சோறு போடறது குத்தம்னு தெரியுமா? மூணு வருஷம் நாடு கடத்தணும்."

"நான் எங்கய்யா அவனுக்குப் போட்டேன்? கிழவின்னு நெனச்சுத் தயிர் குடுத்தேன். பாவாட கட்டிக்கிட்டுல்ல வந்தான்."

சபை வெலவெலத்துப்போனது.

"வாய அடக்கும்மா. ஆம்பளயப் பாத்துப் பாவாட கட்டினான்னு சொல்றது தயிரவிடப் பெரிய குத்தம். ஆயுசுக்கும் இந்த மண்ணுல கால் வைக்க முடியாது."

"அவன வெட்டிப்போட்டாலே கேள்வி கிடையாதுன்னு தீர்ப்பு சொன்னது நீங்கதானே? பாவாடன்னு சொன்னா மட்டும் பொத்துக்கிட்டு வருதாக்கும்."

"உசுருக்குத்தாம்மா காவல் இல்ல. மானத்துக்கு இருக்குல்ல?"

"அப்ப என் மாடு?"

"அதத்தான் நம்ம சபைக் கவிஞர் பாட்டாப் பாடப்போறாரே. ஒனக்கும் பெருமதானே?"

"பெருமயக் கறந்து பிள்ளைங்களுக்கு ஊத்தறேன் போங்க."

சொல்லிவிட்டாளே தவிர, ஹால்பேரா மனசுக்குள் கணக்குப் போட்டாள்: தயிருக்கு மூன்று வருஷம், பாவாடைக்கு ஆயுள். ஆயுள் முழுக்கப் பிள்ளைகளைப் பார்க்காமல் இருப்பதா?

"பாவாடயும் இல்ல, ஒண்ணும் இல்ல. அவன்னு தெரிஞ்சேதான் குடுத்தேன். எழுதிக்கச் சொல்லுங்க."

மாவீரரின் மானம் காப்பாற்றப்பட்டது. மூன்று வருஷத் தண்டனை ஏகமனதாக நிறைவேறியது. பிள்ளைகளை ஆளுக்கொரு பண்ணைக்கு வேலைக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். கவிஞரின் பாட்டில் வெஸ்தார் ஒரு பூதத்தோடு மல்லுக்கட்டிப் பசுவை வென்றார்.

எங்கள் சபையின் வீரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். வெஸ்தாரைப் பிடிக்க முப்பது பேராவது வேண்டும் என்று பதினோரு வருஷமாக யோசித்துக்கொண்டிருக்கும் அதே சபை, ஹால்பேராவைக் கப்பலேற்ற ஒரே ஒரு ஆளைத்தான் அனுப்பியது. அவனும் வெறுங்கையோடுதான் போனான்.