கொடிக்காலுக்குள் போன டிராக்டர்

ஒரு காலத்தில் சேலம் நாமக்கல் ரோட்டில் ஓடிய லாரிகளில் பாதி, என் கை பட்டுத்தான் ஓடின.

இது பொய். கை பட்டது மட்டும் நிஜம். நான் கிளீனர். துணியால் துடைத்தேன், அவ்வளவுதான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது (நான் விடவில்லை, அதுதான் விட்டது). ஆனாலும் எண்பதுகளின் நடுவில் எங்கள் ஊரில் எனக்கு மெக்கானிக் என்று பெயர். பெயரை வைத்தது நானேதான்.

அதை நம்பிய ஒரே ஆள் என் தாய்மாமன் நல்லய்யன். அப்போது எனக்கு முப்பது வயது நெருங்கியிருந்தது. ஏழு வீட்டில் பெண் கேட்டு, "பையன் என்ன பண்றான்?" என்ற இடத்திலேயே ஏழு பேச்சும் முறிந்திருந்தன. எட்டாவது வீடு பரமத்தி வேலூர்ப் பக்கம். வாழையும் வெற்றிலைக் கொடிக்காலும் வைத்திருக்கும் குடும்பம். மாமா அங்கே போய்ப் பையன் மெக்கானிக் என்று சொல்லிவிட்டு வந்தார்.

"இதுவும் தட்டிப்போச்சுன்னா, இனி உனக்காக எந்த ஊட்டு வாசப்படியும் ஏறமாட்டேன் பாத்துக்க" என்றார் என்னிடம். அவரை விட்டால் எனக்காக வாசற்படி ஏற வேறு ஆள் இல்லை.

பெண் பார்க்கப் போனோம். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, எங்கள் லாரி டிரைவரிடம் இரவல் வாங்கிய வார்ப்பூட்டுச் செருப்பு. செருப்பு என் காலை விடச் சின்னது. காலையில் பூட்டுப் போட இரண்டு பேர் வேண்டியிருந்தது.

பெண்ணின் அப்பா என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார்.

"மெக்கானிக்குத் தம்பிங்களா? நல்ல நேரத்துக்கு வந்தீங்க."

களத்தில் ஒரு சின்ன டிராக்டர் நின்றது. வாழை வரிசைக்கு நடுவே நுழைகிற அளவு வண்டி. இன்ஜினைச் சுழற்றிவிடுகிற செல்ஃப் மோட்டார் எரிந்துபோய் பத்து நாளாகிறதாம். புது மோட்டார் வாங்கிச் சாக்கில் சுற்றி வைத்திருந்தார்கள். மாட்ட வேண்டிய நாமக்கல் மெக்கானிக், "நாளைக்கு வாரேன்" என்று தினமும் சொல்லிக்கொண்டிருந்தான்.

"காப்பி கொதிக்கறதுக்குள்ள மாட்டிருவீங்கல்ல சாமி?"

"அதுக்கு முன்னாடியே மாட்டிருவானுங்க" என்றார் மாமா.

செல்ஃப் மாற்றுவதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். பார்த்த இடம்தான் கொஞ்சம் தூரம் (டீக்கடை பெஞ்சு).

அந்த வேலையில் முதலில் பேட்டரி ஒயரைக் கழற்ற வேண்டும். எந்த மடையனும் இதை மறக்கமாட்டான். நான் மறந்தேன். ஸ்பேனர் ஒயரையும் இன்ஜினையும் ஒன்றாகத் தொட்டது. படீரென்று தீப்பொறி. மீசையில் ஒரு பக்கம் கருகிவிட்டது.

"என்னாச்சுங்க?" என்றார் பெண்ணின் அப்பா.

"கரண்டு இருக்குதான்னு பாத்தேனுங்க. இருக்குது."

காப்பி கொதித்து, ஆறி, மறுபடி கொதித்தது. நான் வண்டிக்கு அடியில் கிடந்தேன். மேல் போல்ட்டைப் போட்டால் கீழ் போல்ட் விழுகிறது. கீழ் போல்ட்டைத் தேடினால் மோட்டார் என் நெஞ்சில் விழுகிறது. பெண் வந்து நின்றாளாம். நான் அவளைப் பார்க்கவில்லை. வெளியே நீட்டிக்கொண்டிருந்த என் இரண்டு காலைத்தான் அவள் பார்த்தாள். உச்சிவெயிலுக்கு அக்கம்பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் ஒரு பதினைந்து பேர் சேர்ந்துவிட்டார்கள்.

ஒருவழியாக எல்லாப் போல்ட்டும் இறுகியது. பெண்ணின் அப்பா சாவி எடுக்க வீட்டுக்குள் திரும்பினார்.

"சாவியெல்லாம் எதுக்குங்க" என்றேன். லாரி டிரைவர்கள் செய்வது மாதிரி, கீழே நின்றபடியே செல்ஃபின் இரண்டு முனையிலும் திருப்புளியை வைத்து அழுத்தினேன்.

ஒரே தொடுதல். டுபுடுபுவென்று வண்டி எடுத்துவிட்டது. என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமான சத்தத்தை நான் கேட்டதில்லை. அந்தச் சந்தோஷம், ஒரு இருமல் இருமுகிற நேரம் இருந்தது.

கைப்பிரேக் பிடிக்காது என்பதால் அந்த வண்டியைக் கியரில் போட்டுத்தான் நிறுத்துவார்கள். நான் பார்க்கவில்லை. அது என்னைத் தாண்டி, ஆளில்லாமல் கிளம்பியது. நேராகக் கொடிக்காலைப் பார்த்து.

வேகம் ஒன்றும் இல்லை. கல்யாண வீட்டுக்குப் போகிற கிழவர் வேகம்தான். எட்டி ஓடி ஏறி நிறுத்தியிருக்கலாம். ஓடினேன். பதினைந்து பேரும் ஓடி வந்தார்கள். கொடிக்கால் வரப்பு வந்தது.

எங்கள் பக்கத்தில் கொடிக்காலுக்குள் யாரும் செருப்புக் காலோடு போகமாட்டோம். கோயில் மாதிரி. பிறந்ததிலிருந்து பழகிய கால், மூளையைக் கேட்பதில்லை. பதினாறு பேரும் வரப்பில் சட்டென்று நின்றோம். பதினாறு பேரும் செருப்பைக் கழற்றப் போனோம்.

மற்றவர்களுடையது உதறினால் கழல்கிற ரப்பர் செருப்பு. உதறிவிட்டு, வண்டியை நிறுத்தத் தெரிந்தவன் மெக்கானிக்தான் என்று என்னையே பார்த்து நின்றார்கள். எனக்குத்தான் வார்ப்பூட்டு. அதிலும் காலை விடச் சின்னது. நான் ஒரு பூட்டைக் கழற்றி முடிக்கும்போது வெற்றிலைக் கொடி படர நட்ட அகத்தி மரங்களில் முதல் வரிசை படுத்திருந்தது. அடுத்ததைக் கழற்றும்போது இரண்டாம் வரிசை. எந்தக் கட்டுப்பாடும் தெரியாத டிராக்டர், வாய்க்காலில் முன் சக்கரத்தை இறக்கி, இருமி, தானாகவே நின்றது. பிய்த்து இழுத்த வெற்றிலைக் கொடிகளெல்லாம் அதன் மூக்கைச் சுற்றிக் கிடந்தன. அன்றைக்கு அந்த வீட்டில் மாலை விழுந்தது அதற்குத்தான்.

ஒரு கையில் ஒரு செருப்போடு நான் வாய்க்கால் கரையில் உட்கார்ந்துவிட்டேன். எழுந்தால் எட்டாவது வீடும் முடிந்துவிடும். எழாமல் இருந்தால் அவர்கள் வீட்டிலேயே இருப்பதாக ஒரு கணக்கு.

பெண்ணின் அப்பா பக்கத்தில் வந்து நின்றார். திட்டவில்லை.

"ஏஞ்சாமி, செருப்பைக் கழட்டிட்டுத்தான உள்ள வந்த?"

"ஆமாங்க."

"நல்லது. வரப்புக்குப் போயி அதை மாட்டிக்கிட்டு, அப்படியே ஊருக்குக் கெளம்பு."

நல்லய்யன் மாமா பஸ்ஸில் எனக்கு மூன்று சீட் முன்னால் உட்கார்ந்துகொண்டார். கண்டக்டர் கேட்டதற்கு, தான் ஒரே ஆள் என்றார்.

மறுநாள் அந்த நாமக்கல் மெக்கானிக் வந்தே விட்டான். வண்டியை வாய்க்காலிலிருந்து ஏற்றினான். அடுத்த தையில் அந்தப் பெண்ணின் கழுத்தில் தாலியும் ஏற்றினான்.

எனக்குப் பெண் கிடைக்க இன்னும் நாலு வருஷம் ஆனது. நிச்சயத்தன்று மாமனார் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "மாப்பிள்ளை இனி எந்த மிஷினையும் தொடமாட்டேன்னு மாரியம்மன் முன்னால சொல்லோணும்." சொன்னேன். இன்றைக்கும் எங்கள் சொந்தத்தில் யார் வாசலில் நான் செருப்பைக் கழற்றக் குனிந்தாலும், "பொறுமையாக் கழட்டுங்க, டிராக்டரு மெதுவாத்தான் போவுது" என்பார்கள்.

ஆனால் ஒன்றை மட்டும் ஒருத்தரும் கேட்பதில்லை. வண்டி எடுத்ததா, இல்லையா? ஒரே தொடுதலில் எடுத்தது. அந்த நாமக்கல் மெக்கானிக்கே ஒருநாள் பரமத்தி வேலூர்ச் சந்தையில் என் தோளைத் தொட்டு, "அண்ணா, நீங்க மாட்டுன செல்ஃபை நான் இன்னிக்கு வரைக்கும்..."

"ஏனுங்க, கெணத்து மோட்டாரு பாக்க ஆள் வந்திருக்குதுங்க. டார்ச்சைப் புடிக்க வாங்க" என்று என் மனைவி கூப்பிடுகிறாள். "புடிச்சாப் போதும். கிட்டப் போவ வேண்டாம்."