டிராமுக்கு ஒரு சின்னத் திருத்தம்

"ஊர் உள்ளுக்குள்ளேயே வளரட்டும்" என்று மேடையில் முழங்கிவிட்டு, ஊருக்கு ஏழு கிலோமீட்டர் வெளியே வீடு கட்டிக்கொள்ளும் ஜந்தை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? ருமேனியாவில் எங்கள் நகரத்தில் அதன் பெயர் ஒக்டாவ் பிளெட்டா, நகர்மன்ற உறுப்பினர்.

பழைய ரயில் பணிமனைத் திடலில் குடியிருப்புகள், வாசலிலேயே டிராம், நடக்கிற தூரத்தில் பள்ளிக்கூடம், ரொட்டிக்கடை என்று அவர் கையை விரித்து விரித்துப் பேசினால், தூங்குகிற உறுப்பினர்கள் தூக்கத்திலேயே கைதட்டுவார்கள். "வயலில் கட்டின வீட்டுக்குக் குழாய் இழுக்கிறவன் ஊருக்கு எதிரி!" பேச்சு முடிந்ததும்? காரில் ஏறி, தன்னைப் போன்ற நானூறு ஊர்ப்பற்றாளர்களோடு ஒன்றரை மணி நேரம் நெரிசலில் ஹாரன் அடித்தபடி சோளக்காட்டு வீட்டுக்குப் போவார். அங்கே ரோடு இல்லை. சாக்கடை இல்லை. முதலில் வீட்டைக் கட்டு, ரோடு பின்னாலேயே ஓடிவரும் என்பதுதானே எங்கள் ஆட்களின் நம்பிக்கை!

இருந்தது ஒரே நிதி. திடலுக்கு டிராமா, சோளக்காட்டுக்குச் சாக்கடைக் குழாயா? வாக்குகள் சமம். பாக்கி ஒக்டாவின் கை மட்டும். அவர் மனைவி லெயோன்டினா, நகரத்துப் பள்ளி ஆசிரியை, முழங்கால்வரை சேறு அப்பிய பூட்ஸோடு பார்வையாளர் வரிசையில் எழுந்தாள்.

"ஏங்க, டிராமுக்குக் கையைத் தூக்குங்க! ஊருக்குள்ளயே ஒரு ஃப்ளாட் பாத்துக்கலாம். காலைல அஞ்சு மணிக்கு நான் கிளம்புற சத்தத்துலதான் சேவலே முழிக்குது."

"உக்காரு லெயோன்டினா, சபை நடக்குது!"

"நம்ம கழிவுத்தொட்டி நிரம்பி வாசல் வரைக்கும் வந்தாச்சு. அதை அள்ள வந்த லாரிக்காரன் சேத்தைப் பாத்துட்டுத் திரும்பிட்டான். அதையும் சபைல சொல்லுங்களேன்!"

ஒக்டாவ் தொண்டையைச் செருமினார். "டிராம்தான்! என் கொள்கையில மாத்தமே இல்ல. ஒரு சின்னத் திருத்தம்... கடைசி நிறுத்தம் என் வாசல்ல. வேலையும் அங்கிருந்தே ஆரம்பிக்கட்டும்."

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. ஏன்? சோளக்காட்டில் மனை வாங்கிப் போடாத உறுப்பினர் ஒருவரும் இல்லை!

எங்கள் ஊர் வழக்கப்படி பாதிரியார் துளசிக் கொத்தைப் புனித நீரில் முக்கித் தெளிக்க, டிராம் ஒக்டாவின் வாசலிலிருந்து புறப்பட்டது. மூன்று கிலோமீட்டர் ஜம்மென்று ஓடி, நிதி தீர்ந்த இடத்தில், நட்ட நடுச் சோளத்தில் நின்றது. இன்றும் அங்கேதான் போய் நிற்கிறது. சோளம் மட்டும் கைகாட்டுகிறது.

லெயோன்டினா திடலுக்கு எதிரே ஒரு அறை வாடகைக்கு எடுத்துவிட்டாள். பள்ளிக்குப் பத்து நிமிட நடை. ஞாயிற்றுக்கிழமைகளில் கணவருக்குப் போன் செய்வாள்: "சூப்பு சூடா இருக்குங்க. டிராம்ல வாங்க!"

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். அப்புறம், ஊருக்கு வெளியே மலிவாகக் கிடைத்ததென்று வாங்கிப் போட்டீர்களே ஒரு மனை, அந்தப் பக்கம் ரோடு எப்போது வரும் என்று போன வாரம் யாரிடம் விசாரித்தீர்கள்?