எந்த மடையன் வைத்தான் இதை?

வீடு கட்டுகிறவர்கள் ஓர் இனம், கட்டிய புது வீட்டை வாங்குகிறவர்கள் ஓர் இனம். மூன்றாவதாக ஓர் இனம் இருக்கிறது. இன்னொருவர் வாழ்ந்து முடித்த அடுக்குமாடி வீட்டைக் கையில் இருக்கிற காசுக்குத் தகுந்தாற்போல் பேரம் பேசி வாங்கி, சாவி கைக்கு வந்ததும் நடுக்கூடத்தில் இடுப்பில் கை வைத்து நின்று, நான்கு சுவரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "எந்த மடையன் வச்சான் இத?" என்று கேட்பவர்கள். நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்த்ததில்லையா? உங்கள் மேல்வீட்டில் காலையிலிருந்து டொம் டொம்மென்று சத்தம் கேட்கிறதே, போய்க் கதவைத் தட்டிப் பாருங்கள்.

இவர்களுக்கு முந்தின ஓனர் என்று ஓர் எதிரி உண்டு. பத்திரம் பதிகிற அன்று அந்த மனிதரின் கையைப் பிடித்துக் குலுக்கி, "உங்களுக்கு அமைஞ்ச மாதிரியே எங்களுக்கும் அமையணும் சார்" என்று குழைந்தவர்கள்தான். மறுநாள் அவர் மடையனாகிவிடுவார். சுவரில் ஆணி உயரத்தில் இருந்தால் அவன் நெட்டை மடையன். தாழ இருந்தால் குட்டை மடையன். கூடத்துக்கு வெயில் வரவில்லை என்றால் அவன் செய்த வேலை. படுக்கையறைக்கு வெயில் வந்துவிட்டால் அதுவும் அவன் செய்த வேலை. சூரியனை அந்தப் பக்கம் வைத்தது அவரில்லை என்று எடுத்துச் சொல்லிப் பாருங்களேன். "நீங்க சும்மா இருங்க சார், உங்களுக்குத் தெரியாது" என்பார்கள்.

சரி, பிடிக்கவில்லை என்றால் திட்டிவிட்டுப் போகலாமே, ஏன் இடிக்கிறார்கள்? எல்லாம் பட்ஜெட்தான். கட்டுவதற்குத்தான் நிறையக் காசு வேண்டும். இடிப்பதற்கு ஒரு சுத்தியலும் மனக்கசப்பும் போதும். கையில் குறைவாக வைத்திருப்பவர், குறைந்த செலவில் எது முடியுமோ அதைத்தானே முதலில் செய்வார்? இடித்து முடித்ததும் வீடு பெரிதாகத் தெரியும். அதைத் தன்னுடைய திறமை என்று எடுத்துக்கொள்வார்.

சுற்றி வளைப்பானேன்? என் தங்கையின் கணவரைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மாப்பிள்ளை நல்ல மனிதர். அதிர்ந்து பேசமாட்டார், கடன் வாங்கினால் கேட்பதற்கு முன் திருப்பித் தருவார், கையில் அளக்கிற டேப் இல்லாத நேரத்தில் அவரைப் போல் ஒருவரைப் பார்ப்பதே அரிது. ஆனால் அந்த வீட்டை வாங்கியதிலிருந்து டேப் அவர் கையைவிட்டு இறங்கவில்லை. அவர் வாயில் மடையன் என்ற சொல் குடியேறிய வேகத்தைப் பார்த்து, எதிர்வீட்டு அம்மாள் அவருக்கு 'மடையன் சார்' என்றே பெயர் வைத்துவிட்டார். லிஃப்டில் ஏறும்போது, "மடையன் சார் வந்துட்டார், இன்னிக்கும் சத்தம்தான்" என்று அந்த அம்மாள் மருமகளிடம் சொன்னதை என் காதால் கேட்டேன். உறவை வெளிக்காட்டிக்கொள்ளாமல் நானும் தலையாட்டினேன்.

என் தங்கை ஆஸ்பத்திரியில் நர்ஸ். மாதத்தில் பாதி நாள் இரவு டியூட்டி, பகலில்தான் தூக்கம். வாடகை வீட்டுக்கு எதிரே வெல்டிங் பட்டறை. வருஷக்கணக்கில் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு தூங்கியவள். வீடு பார்க்கப் போன இடங்களிலெல்லாம் அவள் சமையலறையைப் பார்க்கவில்லை, குழாயைத் திறந்து பார்க்கவில்லை. நேராகப் படுக்கையறைக்குப் போய்க் கண்ணை மூடிக்கொண்டு நிற்பாள். இந்த வீட்டுப் படுக்கையறையில் மூடிய கண்ணை வெகுநேரம் திறக்கவில்லை. "அண்ணா, இங்க ஒரு சத்தமும் இல்லண்ணா" என்றாள். அதற்காகத்தான் வாங்கினார்கள். மற்றபடி அந்த வீட்டில் சொல்லிக்கொள்ளும்படி ஓர் அழகும் கிடையாது.

குடிவருவதற்கு முன்பே மாப்பிள்ளை வேலையைத் தொடங்கினார். பால்கனி வாசலில் குறுக்கே சிமெண்டில் ஒரு சின்னத் தடுப்பு இருந்தது. "எந்த மடையன் மச்சான் வீட்டுக்குள்ள வேகத்தடை போட்டான்?" என்று கேட்டு அதைப் பெயர்த்தெடுத்தார். அடுத்த மழையில் பால்கனித் தண்ணீர் யாரையும் கேட்காமல் கூடத்துக்குள் நடந்து வந்து சோபாவின் காலை நனைத்தது. அது செகண்ட் ஹேண்டில் வாங்கிய சோபா. லிஃப்டுக்குள் நுழையாததால் படிவழியாகத் தூக்கிக்கொண்டு வந்தவர்களில் நானும் ஒருவன். அதனால் அதன் மேல் எனக்கு ஒரு தனிப்பாசம் உண்டு. "தண்ணி உள்ள வர்ற மாதிரி தரையச் சாய்ச்சுப் போட்டிருக்கான் பாருங்க, மடையன்" என்றார் மாப்பிள்ளை, துடைத்துக்கொண்டே. பிறகு அதே இடத்தில் அதே மாதிரி ஒரு தடுப்பு கட்டினார். இந்தத் தடுப்பு அவருடைய யோசனை என்பதால் வேகத்தடை என்ற பேச்சே எழவில்லை.

இத்தோடு விட்டாரா? விடுவாரா?

படுக்கையறையில் ஒரு சுவர் முழுவதையும் தரையிலிருந்து கூரை வரை அடைத்துக்கொண்டு நின்றது ஓர் அலமாரி. காபிப்பொடி நிறம். உள்ளே ஓர் ஆள் நாற்காலி போட்டு உட்காரலாம், அவ்வளவு ஆழம். அதை எடுத்துவிட்டு, ஒல்லியாக, கண்ணாடி வைத்த கதவோடு ஒன்று மாட்டினால் அறை இரண்டு மடங்காகத் தெரியும் என்று மாப்பிள்ளைக்குச் செல்போன் வீடியோ ஒன்று சொல்லிக்கொடுத்திருந்தது. தச்சர் வந்தார்.

"எடுத்துடலாம் சார். மரத்த என்ன பண்றது?"

"குப்பைதான? நீங்களே எடுத்துட்டுப் போயிடுங்க."

ஒரு தச்சர் அவ்வளவு வேகமாக வேலை செய்து நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. அலமாரி நகர்ந்ததும் பின்னால் தெர்மாகோல் தெரிந்தது. ஓர் அடுக்கல்ல, அடுக்கடுக்காக. இடுக்குகளில் பழைய கம்பளியைத் திணித்திருந்தார்கள். மாப்பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அலமாரிக்கு ஸ்வெட்டர் போட்டிருக்கான் மச்சான்!"

"என்னங்க, காரணமில்லாமலா இவ்வளவு வச்சிருப்பாங்க?" என்றாள் தங்கை.

"மடையனுக்கு எதுக்கும்மா காரணம்?"

தெர்மாகோலும் கம்பளியும் குப்பைக்குப் போயின. சுவருக்கு அந்தப் பக்கம் லிஃப்ட் ஓடியது.

கண்ணாடி அலமாரி வந்து சேருவதற்கு முன்பே, புது வீட்டில் முதல் பகல் தூக்கத்துக்குப் படுத்தவளின் தலைமாட்டில் அது முனகிக்கொண்டே ஏறியது, டங்கென்று நின்றது, கதவைத் திறந்தது, "தயவுசெய்து கதவை மூடவும்" என்று ஒரு பெண்குரலில் கெஞ்சியது. யாராவது மூடினார்களா? அந்தக் கட்டிடத்தில் கதவை மூடுகிற பழக்கம் ஒருவருக்கும் இல்லை. இரவெல்லாம் நோயாளிகள் கூப்பிட்ட குரலுக்கு ஓடிவிட்டு வந்தவள், பகலெல்லாம் லிஃப்டின் குரலைக் கேட்டுக்கொண்டு விழித்துக் கிடந்தாள்.

மாப்பிள்ளை சும்மா இருக்கவில்லை. பட்ஜெட்டுக்குள் என்னென்ன உண்டோ எல்லாம் செய்தார். முட்டைக்கடையில் அட்டைத் தட்டுகளை வாங்கிவந்து சுவர் முழுக்க ஒட்டினார். அறை கோழிப்பண்ணையாகத் தெரிந்தது, சத்தம் குறையவில்லை. மெத்தையைச் சுவரில் சாத்தினார். சத்தம் கொஞ்சம் குறைந்தது, படுக்க மெத்தையில்லை. கடைசியில் லிஃப்ட் வாசலில் நின்றுகொண்டு, "பகல்ல படியேறினா உடம்புக்கு நல்லது சார்" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்ல ஆரம்பித்தார். எதிர்வீட்டு அம்மாள் தன் முழங்காலைப் பற்றி அவருக்கு விவரமாக எடுத்துச் சொன்னார்.

நான் இதையெல்லாம் ஓசியில் கிடைத்த வேடிக்கையாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் காலை தங்கை என் வீட்டுக்கு வந்தாள். தண்ணீர்கூடக் கேட்கவில்லை. "அண்ணா, இங்க கொஞ்சம் படுத்துக்கறேன்" என்று பையைக் கீழே போட்டவள், சாயங்காலம்தான் எழுந்தாள். எழுந்து உட்கார்ந்து, முகத்தைக்கூடக் கழுவாமல் சொன்னாள்.

"நேத்து ஒருத்தருக்கு மாத்திரைய மாத்தி எடுத்துட்டேண்ணா. கூட இருந்த பொண்ணு பாத்துத் தடுத்துட்டா. இல்லன்னா..."

இத்தனை வருஷ வேலையில் ஒருநாளும் கை தவறாதவள். நேராக மாப்பிள்ளை வீட்டுக்குப் போனேன், அவளையும் கூட்டிக்கொண்டு.

"முந்தின ஓனருக்கு போன் போடுங்க மாப்ள."

"யாருக்கு? அந்த..."

"அந்த மடையனுக்குத்தான். அலமாரிக்குப் பின்னாடி என்ன வச்சான், எப்படி வச்சான்னு கேளுங்க."

அவர் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டுமே! நம்பர் இல்லை என்றார், சார்ஜ் இல்லை என்றார், இந்நேரம் தூங்குவார் என்றார். "தூங்குறவங்க மேல உங்களுக்கு அவ்வளவு அக்கறையாங்க?" என்றாள் தங்கை, கதவோரம் நின்றபடி. போன் போட்டார். நாங்களும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தார். அந்தப் பக்கம் டொம் டொம்மென்று ஒரே சத்தம்.

"கொஞ்சம் நிறுத்துங்கப்பா! ஹலோ, சொல்லுங்க சார்."

"சார், வணக்கம் சார். அந்த பெட்ரூம் அலமாரி..."

"ஐயையோ, எடுத்துட்டீங்களா?"

"ஆமா சார்."

"லிஃப்ட் கேக்குதா?"

"கேக்குது சார்."

அந்த மனிதர் சிரித்தார். சிரித்துச் சிரித்து இருமல் வந்து, இருமி முடித்து மறுபடி சிரித்தார்.

"நானும் எடுத்தேன் சார். அது எனக்கு முன்னாடி இருந்தவர் வச்சது. எந்த மடையன் வச்சான்னு கேட்டுத்தான் எடுத்தேன். வீட்ல அப்ப கைக்குழந்தை. தூங்குமா? அப்புறம் அதே மாதிரி செஞ்சு, கூட ரெண்டடுக்கு தெர்மாகோல் போட்டு நானே மாட்டினேன்."

"வாங்கும்போதே சொல்லியிருக்கலாமே சார்?"

"சொல்லியிருந்தா வாங்கியிருப்பீங்களா? சரி, வைக்கட்டுமா சார்? இங்க எவனோ ஒரு மடையன் சமையலறைக்கு நடுவுல தூண் வச்சிருக்கான், எடுத்துக்கிட்டிருக்கோம்."

"தூணா? சார்! சார்!"

லைன் போய்விட்டது. மாப்பிள்ளை மறுபடி மறுபடி கூப்பிட்டார். எடுக்கவில்லை; அந்தச் சத்தத்தில் எங்கே கேட்டிருக்கப் போகிறது?

மறுநாள் அதே தச்சர் வந்தார். சுவரை அளந்தார், உதட்டைப் பிதுக்கினார். "புதுசா செஞ்சா பட்ஜெட்டுக்குள்ள வராது சார். பழசு ஒண்ணு இருக்கு. நல்ல மரம். இப்பல்லாம் கிடைக்காது." சாயங்காலமே வண்டியில் வந்து இறங்கியது. காபிப்பொடி நிறம். மாப்பிள்ளை அதைத் தட்டிப் பார்த்தார், தடவிப் பார்த்தார்.

"இதுதான் மச்சான் மரம்! அந்த மடையன் வச்சிருந்ததும் ஒரு மரமா?"

தச்சர் திரும்பிக்கொண்டு வேலையைப் பார்த்தார். "பழைய ஓட்டையிலயே ஸ்க்ரூ கச்சிதமா உக்காருது சார், உங்களுக்கு ராசி" என்றார். நான் வாயைத் திறந்தேன். தங்கை உதட்டில் விரலை வைத்தாள். அவளுக்கு நியாயம் வேண்டியிருக்கவில்லை, தூக்கம் வேண்டியிருந்தது. தெர்மாகோலை அவளே நின்று அடுக்கச் சொன்னாள், இரண்டடுக்கு கூடுதலாக. அடுத்த நாள் பகலில் படுத்தவளை எழுப்பப் போன மாப்பிள்ளை, எழுப்ப மனம் வராமல் கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிட்டார். அந்த ஒரு விஷயத்துக்காக அவரை மன்னித்துவிட்டேன்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். வீடு வாங்கும் யோசனையே உங்களுக்கு இல்லை, அதனால் இது உங்களைப் பற்றியது அல்ல. இருக்கட்டும். புது வேலையில் சேர்ந்த அன்று, உங்களுக்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவர் கோப்புகளை அடுக்கியிருந்த விதத்தைப் பார்த்து என்ன சொன்னீர்கள்? சங்கத்துக்குச் செயலாளராக வந்ததும் பழைய செயலாளர் போட்ட விதிகளைப் படித்துவிட்டு யாரைப் பார்த்துக் கண்ணடித்தீர்கள்? கல்யாணமாகி வந்த வீட்டில் மாமியார் டப்பாக்களை வைத்திருந்த ஒழுங்கை எத்தனை நாள் விட்டுவைத்தீர்கள்? இல்லை, மாமியாரே நீங்கள்தான் என்றால், மருமகள் மாற்றி வைத்ததை?

இந்த நிமிடமும் ஏதோ ஒன்றின் முன்னால் இடுப்பில் கை வைத்து நிற்கிறீர்கள். கோணலாக இருக்கிறது, இடத்தை அடைக்கிறது, யார் வைத்தார்கள் என்றே தெரியவில்லை. எடுங்கள், வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனால் சுத்தியலை ஒரு நிமிடம் மெதுவாகக் கீழே வையுங்கள். உள்ளே ஒருத்தி தூங்குகிறாள்.