இளமாறனுக்கு இல்லம் பார்க்கப் போன விவரம்

குவீன்ஸ்டவுன், சிங்கப்பூர்,
ஞாயிற்றுக்கிழமை காலை.

பெருமதிப்பிற்குரிய கண்மணி அக்கா அவர்களுக்கு,

தம்பி தங்கராஜு வணக்கம் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கு இளமாறன் நலம். இடது முழங்காலை நீக்கிவிட்டுப் பார்த்தால் நானும் நலமே. தங்கள் நலத்தையும் அத்தானின் சர்க்கரை அளவையும் அறிய ஆவல். பிடோக்கிலிருந்து ஒரே ரயிலில் வந்துவிடும் தூரத்தில் இருந்துகொண்டு இவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். நான் வாட்ஸ்அப்பில் அனுப்பும் குரல் பதிவுகளை இரண்டாம் நிமிடத்திலேயே நிறுத்திவிட்டுக் கட்டைவிரல் படத்தைப் போட்டுவிடுகிறீர்கள் என்ற உண்மையை உங்கள் மகள் கவிப்ரியா சொல்லிவிட்டாள். போன வாரம் பதினான்கு நிமிடம் மூச்சு வாங்கப் பேசி அனுப்பியதற்கும் அதே கட்டைவிரல்தான் வந்தது. நேரில் வந்தாலோ நீங்கள்தான் பேசுவீர்கள். ஆகையால் தாளில் எழுதுகிறேன். தாள் முடியும்வரை என்னை யாரும் இடைமறிக்க முடியாது.

போன மாதம் தேக்கா சந்தையில் மீன் வாங்கும்போது, ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் தங்கி வாழும் இல்லம் ஒன்று ஜூரோங் பக்கம் இருக்கிறதாம், மாறனுக்கு அங்கே ஓர் இடம் காலியாகிறதாம் என்று நான் மெல்ல வாயைத் திறந்தேன். “என் தம்பி மகன ஹோமுல விடுறதுக்கு, நான் என்ன செத்தா போயிட்டேன்?” என்று நீங்கள் கேட்ட கேள்வியில் மீன்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். வரிசையில் நின்ற சீன அம்மையார் ஒருவர், தமிழ் ஒரு சொல்லும் தெரியாமலேயே உங்கள் கட்சியில் சேர்ந்துகொண்டு என்னை முறைத்தார். என்னிடம் பதில் இருந்தது; சந்தையில் வைத்துச் சொல்லக்கூடியதாக அது இல்லை. இப்போது சொல்கிறேன், பதறாமல் படியுங்கள். அதற்கு முந்தின வாரம் நான் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டேன். எலும்பு முறியவில்லை, ஆனால் எழுந்திருக்க முடியவில்லை. மாறன் வந்து பார்த்தான். ஒரு துண்டை எடுத்துவந்து என்மேல் போர்த்திவிட்டு வாசலில் உட்கார்ந்துகொண்டான். ஃபோன் எடுத்துப் பேச அவனுக்கு வராது, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டவும் மாட்டான். இரண்டு மணி நேரம் கழித்து நானே சுவரைப் பிடித்து எழும்வரை அவன் அந்த இடத்தை விட்டு அசையவில்லை. அவன் அம்மா போய்ச்சேர்ந்த பிறகு இந்த மூன்று வருடமாக ‘எனக்குப் பிறகு’ என்று நான் தள்ளிவைத்துக்கொண்டே வந்த நாள் எப்படி இருக்கும் என்பதை, அந்த ஈரத் தரையில் படுத்தபடி முழுசாகப் பார்த்துவிட்டேன். நீங்கள் நூறாண்டு இருக்க வேண்டும் அக்கா. ஆனால் உங்களுக்கு எழுபத்து நான்கு, எனக்கு அறுபத்தெட்டு, அவனுக்கு முப்பத்து மூன்று. நாம் இரண்டு பேரும் எவ்வளவுதான் பிடிவாதக்காரர்களாக இருந்தாலும், அவனுக்குத் துணையாகக் கடைசிவரை வர முடியாது.

மீன் பையோடு ரயில் ஏறும்போது நீங்களும் கொஞ்சம் இறங்கி வந்து, நன்றாகப் பார்த்துக்கொள்வார்களா என்று மட்டும் பார்த்துவிட்டு வந்து சொல் என்றீர்கள். முப்பத்தைந்து வருடம் கப்பல் பட்டறையில் வெல்டிங்கின் தரத்தைச் சோதித்து, மயிரிழை விரிசலுக்கே கப்பலைத் திருப்பி அனுப்பிய ஆளிடம் இப்படிச் சொன்னால் என்ன ஆகும் என்று நீங்கள் யோசித்திருக்க வேண்டும். நான்கு நாள் உட்கார்ந்து அறுபத்து மூன்று கேள்விகள் தயாரித்தேன். ஒவ்வொன்றுக்கும் எதிரே தேறியது, தேறவில்லை என்று இரண்டு கட்டம். டார்ச் விளக்கு, அளவு நாடா, வெப்பமானி, பூதக்கண்ணாடி எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு, மாறனையும் அழைத்துக்கொண்டு, போன வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் போய் இறங்கினேன்.

வாசலிலேயே சோதனை எனக்கு ஆரம்பமாகிவிட்டது. அங்கே ரமீஸ் என்று ஒருவர் தங்கியிருக்கிறார், நாற்பது வயதைத் தாண்டியவர், நல்ல உயரம், பேச்சு அவ்வளவாகக் கிடையாது. நான் கழற்றிப் போட்ட காலணியை எடுத்து மற்றவற்றோடு வரிசையாக வைத்தார், நிமிர்ந்தார், என் கையிலிருந்த டார்ச்சை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அந்த வீட்டின் மேற்பார்வையாளர் ஷமீமா என்ற பெண், நம் தமிழ்ப் பெண்தான், முப்பத்தைந்து வயது இருக்கும். டார்ச்சை வாங்கிக் கொடுங்கள் என்று அவரிடம் சொன்னேன். அதை ரமீஸிடமே கேளுங்கள் என்று சொல்லிவிட்டார். கேட்டேன். ரமீஸ் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சுவரில் வெளிச்சம் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனையோ வெல்டர்கள் கையிலிருந்து தீப்பிழம்போடு சாதனத்தைப் பிடுங்கியிருக்கிறேன் அக்கா. இவரிடமிருந்து மூன்று வெள்ளி விலையுள்ள டார்ச்சை வாங்க என்னால் முடியவில்லை. ஆகவே கட்டிலுக்கு அடியில் தூசு இருக்கிறதா என்ற ஏழாம் கேள்விக்கு, தரையில் படுத்து விரலால் தடவித்தான் விடை கண்டேன். படுத்தவன் எழுந்திருக்க முடியாமல், இரண்டு ஊழியர்கள் வந்து தூக்கிவிட்டார்கள். தூசு இல்லை. தேறியது.

அடுத்தது குளியலறை. கைப்பிடி என் பாரத்தைத் தாங்குமா என்று இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கிப் பார்த்தேன். தாங்கியது, ஆனால் என் கால்சட்டையின் பின்தையல் தாங்கவில்லை. அதன்பிறகு சட்டையை வெளியே எடுத்து விட்டுக்கொண்டு ஆய்வைத் தொடர்ந்தேன். ஆபத்துக்கு இழுக்கும் கயிறு அங்கே தொங்குகிறது. யாராவது விழுந்தால் எத்தனை நொடியில் ஆள் வரும் என்பது என் இருபத்திரண்டாம் கேள்வி, உண்மையைச் சொன்னால் அந்த ஒரு கேள்விக்காகத்தான் மற்ற அறுபத்திரண்டும். யாரிடமும் சொல்லாமல் கடிகாரத்தைப் பார்த்தபடி இழுத்தேன். பத்தொன்பதாவது நொடியில் மூன்று பேர் வாசலில் நின்றார்கள். நான் பெருமையோடு குறித்துக்கொண்டு நிமிர்ந்தபோதுதான், மணிச்சத்தம் தாங்காமல் ரமீஸ் நடைபாதையில் காதைப் பொத்திக்கொண்டு சுருண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். கையை மடக்கித் தன் நெற்றியிலேயே அடித்துக்கொண்டார்.

ஷமீமா என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் மணியை நிறுத்தினார், ஒரு தலையணையை ரமீஸின் நெற்றிக்கும் கைக்கும் இடையில் கொடுத்தார், பிறகு இரண்டு கை தூரம் தள்ளித் தரையில் உட்கார்ந்துகொண்டார். ஒருவர் போய்த் திரைச்சீலையை இழுத்தார், இன்னொருவர் மின்விசிறியை அணைத்தார், சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. யாரும் யாருக்கும் உத்தரவு போடவில்லை அக்கா. ஒரு வீடு மொத்தமும் ஒரு மனிதருக்காகத் தன் மூச்சை மெல்ல இறக்கிக்கொண்டது. கோயிலில் திரை விலகுமுன் ஒரு கணம் எல்லாரும் பேச்சை நிறுத்துவார்களே, அப்படி இருந்தது. அங்கே ஒரு கணம், இங்கே இருபத்தைந்து நிமிடம். கிழிந்த கால்சட்டையோடு நானும் சுவரோரம் நின்றேன். கடைசியில் ரமீஸ் தலையணையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து சட்டை மாற்றப் போனார். நான் ஷமீமாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அதற்கும் அவர், ரமீஸிடம் கேளுங்கள் என்றார். போய்க் கேட்டேன். பதில் வராவிட்டாலும் கேட்டதில் மனப்பாரம் கொஞ்சம் இறங்கியது. என் தாளில் பத்தொன்பது நொடி, தேறியது என்று எழுதியிருந்தேன். அந்த இருபத்தைந்து நிமிடத்தை எழுத என்னிடம் கட்டம் இல்லை.

இவ்வளவுக்குப் பிறகும் எனக்குப் புத்தி வரவில்லை. பன்னிரண்டரைக்குச் சாப்பாடு என்று சுவரில் எழுதியிருக்கிறது, பன்னிரண்டு நாற்பது ஆகியும் ஒருவரும் தட்டைத் தொடவில்லை. நான் பேனாவோடு போய் நின்று, தாமதத்துக்குக் காரணம் என்ன என்று கேட்டேன். ஷமீமா ஓர் அறை வாசலைக் காட்டினார். ரமீஸ் தன் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். இரண்டாவது பொத்தான்.

“நாங்க போட்டு விட்டா அரை நிமிஷம் அங்கிள், அவரு போட்டா பத்துப் பன்னெண்டு நிமிஷம்,” என்றார் ஷமீமா. “ஆனா அது அவரு சட்டை இல்லையா? சோறு எங்கயும் ஓடிடாது லா.”

முப்பத்து மூன்று வருடமாக மாறனுக்குப் பொத்தான் போட்டுவிடுவது நான்தான். என் வேகம் உங்களுக்குத் தெரியும். ஒரு நாளும் அவன் விரலைப் பொத்தான் பக்கம் போகவிட்டதில்லை. பாசம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவசரமும் அதில் பாதி என்று அந்த வாசலில் நின்றபோதுதான் தெரிந்தது. ஐந்தாவது பொத்தான் துளையில் ஏறியபோது ரமீஸ் நிமிர்ந்து பார்த்தாரே, கப்பல் கட்டி முடித்து முதல்முதலாகத் தண்ணீரில் இறக்கும்போது பட்டறை முதலாளி முகத்தில்கூட அந்தக் களையை நான் கண்டதில்லை.

மாலையில் நடந்ததைத்தான் உங்களிடம் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. மூன்று மணிக்கு ஷமீமா வந்து, மாறனுக்குக் குடிக்க என்ன வேண்டும் என்று கேட்டார். அவனிடம்தான் கேட்டார். தேநீர், மைலோ, பார்லித் தண்ணீர் என்று மூன்று படங்களை அவன் முன்னால் வைத்தார். மைலோதான், சர்க்கரை குறைவாக, ஆறவைத்து என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். ஷமீமா என் பக்கம் திரும்பாமலேயே கையை லேசாக உயர்த்தினார். மூடிக்கொண்டேன். மாறன் படங்களைப் பார்த்தான், ஜன்னலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். ஒரு நிமிடம் போயிற்று. இரண்டு நிமிடம். பதில் சொல்லாமல் இருப்பது இவ்வளவு கடினமான வேலை என்று எனக்குத் தெரியாது, என் நெற்றியில் வேர்த்துவிட்டது. நான்காவது நிமிடம் அவன் விரலை நீட்டி ஒரு படத்தைத் தொட்டான்.

தேநீர்.

கொண்டுவந்து கொடுத்தார்கள். குடித்தான். மிச்சம் வைக்காமல் குடித்தான். வீட்டில் தினமும் பாதிக் குவளை மைலோவைக் கொட்டுவேனே, பையனுக்குப் பசி குறைவு என்று உங்களிடமும் மருத்துவரிடமும் புலம்புவேனே, நினைவிருக்கிறதா? அவனுக்குப் பசியெல்லாம் குறையவில்லை அக்கா. அவனைக் கேட்க ஆள் இல்லை.

ஆய்வின் முடிவைத் தெரிவிக்கிறேன். அறுபத்து மூன்றில் பதினேழு கேள்விகளில் அந்த இல்லம் தேறவில்லை. ஒரு மின்விசிறி கிறீச்சிடுகிறது, சுவரில் வண்ணம் உரிந்திருக்கிறது, சாம்பாரில் புளி போதாது, எந்த வேலையும் குறித்த நேரத்தில் நடப்பதில்லை. கப்பலாக இருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன். ஆனால் நான் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். நன்றாகப் பார்த்துக்கொள்வார்களா என்று கேட்டீர்கள். பார்த்துக்கொள்வதை நாமும் செய்தோம். அவர்கள் பொறுமையாகக் காத்திருக்கிறார்கள், அது நமக்குத் தெரியாத வித்தை. ஆகவே வரும் இருபதாம் தேதி மாறன் இரண்டு வாரம் தங்கிப் பழகிப்பார்க்க அங்கே போகிறான். படிவத்தில் நேற்றே கையெழுத்துப் போட்டுவிட்டேன். இது தீர்மானமான முடிவு. இதை மாற்ற வேண்டும் என்று நீங்களோ, அத்தானோ, தேக்கா மீன்காரரோ சொன்னாலும் நான் கேட்பதாக இல்லை.

அத்தானுக்கு என் அன்பான விசாரிப்புகள். கவிப்ரியாவுக்கும் அவள் குழந்தைகளுக்கும் முருகன் எந்தக் குறையும் வைக்கமாட்டான். என்மேல் கோபம் இருந்தால் அதை அப்படியே வைத்துக்கொண்டு, ஆசீர்வாதத்தை மட்டும் அனுப்பிவைக்கவும்.

தங்கள் சொல் தட்டாத (இந்த ஒரு முறை தவிர),
தம்பி தங்கராஜு

பி.கு.: கடிதத்தை உறையில் போடுமுன் ஒரு தடவை படித்துப் பார்த்தேன். அறுபத்து மூன்று கேள்வி கேட்டிருக்கிறேன், ஷமீமாவைக் கேட்டேன், ரமீஸைக் கேட்டேன், உங்களிடம்கூட இப்போது சண்டை போட்டிருக்கிறேன். போகப்போகிறவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. உடனே மாறனைக் கூப்பிட்டு உட்காரவைத்து, அந்த வீட்டில் போய் இருக்கிறாயா ஐயா என்று கேட்டேன். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். இருபது நிமிடம் ஆயிற்று. எழுந்து போனான், பெரிய பையை இழுத்துவந்தான், அவன் தலையணையை உள்ளே வைத்தான். பிறகு திரும்பப் போய் என் தலையணையையும் எடுத்துவந்து அதன்மேல் வைத்து, பையை மூடிவிட்டு, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறான். இதைச் சரி என்று எடுத்துக்கொள்வதா, மாட்டேன் என்று எடுத்துக்கொள்வதா எனக்குத் தெரியவில்லை. ஆகவே மேலே தீர்மானம் என்று எழுதிய எதையும் தீர்மானமாகக் கொள்ள வேண்டாம். இருபதாம் தேதியைத் தள்ளிவைக்கச் சொல்லி ஷமீமாவுக்குச் செய்தி அனுப்பிவிட்டேன். சனிக்கிழமை நீங்கள் வாருங்கள், சேர்ந்து இன்னொரு முறை கேட்போம். வரும்போது சாப்பாடு எதுவும் கொண்டுவர வேண்டாம். ஒன்றே ஒன்றுதான், அவன் பதில் சொல்வதற்குள் நீங்கள் சொல்லிவிடக் கூடாது.