அலுவலகத்தின் ஒரே ஆரோக்கியசாலி

நெருப்பில் தொடங்கி, சக்கரத்தில் வளர்ந்த மனித நாகரிகம், அந்த அலுவலகத்தின் 'ஊழியர் நலவாழ்வு வார'த்தில்தான் முழுமையடைந்தது என்றால் மிகையாகாது.

சத்துணவைப் பற்றிப் பேச வந்த அம்மையார், மேடையிலிருந்தே அட்டெண்டரைச் சுட்டிக்காட்டினார். "இவரைப் பாருங்க. தேவையில்லாத சதை துளிகூட இல்ல. நிமிஷத்துக்கு ஒரு தடவை தண்ணி குடிக்கறாரு. இதுதான் ஆரோக்கியம்."

அரங்கம் கைதட்டியது. சில மாதங்களாக இளைத்துக்கொண்டே போகிறீர்களே, நாக்கு வறள்கிறதே, கால் எரிகிறதே, கேட்டுவிட்டு வாருங்கள் என்று அட்டெண்டரின் மனைவி நச்சரித்து அனுப்பியிருந்தாள். இவ்வளவு கைதட்டலுக்கு நடுவே அவருக்குக் கேட்க வாய் வரவில்லை.

மறுநாள் சிறுநீர்ப் பரிசோதனை. நோய் இருந்தால் பதவி உயர்வு இல்லை என்று ஒரு வதந்தி. மேலாளர் அட்டெண்டரின் தோளில் கைபோட்டுக் கழிவறைப் பக்கம் அழைத்துப் போனார்.

"என் பாட்டிலையும் நீயே நிரப்பிக் குடுத்துடுப்பா."

"தப்பில்லையா, சார்?"

"ஆரோக்கியத்தைப் பகிர்ந்துக்கறதுல என்ன தப்பு? எப்படியும் நீ பாதி நாள் இங்கேதானே இருக்கே."

மேலாளருக்குக் கொடுத்துவிட்டு மற்றவர்களுக்குக் கையை விரிக்க முடியுமா? அதிகாரிகள் பாட்டிலும் கையுமாக வரிசை கட்டினார்கள். அட்டெண்டர் முகம் கோணாமல் கடமையாற்றினார். தன் பாட்டிலுக்கென்று கடைசியில் ஒரு சொட்டும் மிஞ்சவில்லை. நர்ஸ் அவசரப்படுத்தவே, குழாயைத் திறந்து பிடித்துக் கொடுத்துவிட்டார்.

முடிவு வந்தது. அதிகாரிகள் அத்தனை பேருக்கும் கடுமையான சர்க்கரை வியாதி. நிர்வாகம் கண்கலங்கி, அவர்களுக்குச் சம்பளத்தோடு ஓய்வும் இலவச மருந்தும் வழங்கியது. அட்டெண்டருக்கு 'ஆரோக்கியத் தூதர்' பட்டமும், ஓய்விலிருப்போர் வீடு வீடாகக் கோப்புகளைச் சுமந்துபோய்க் கையெழுத்து வாங்கும் பொறுப்பும் வழங்கப்பட்டன.

தலை சுற்றியபோது அலுவலக மருத்துவரிடம் போனார். "உங்களுக்கு என்னங்க குறை? ரிப்போர்ட் தண்ணி மாதிரி சுத்தமா இருக்கு" என்று திருப்பி அனுப்பினார் அவர்.

அன்று மாலை மேலாளர் வீட்டுப் படியேறி, கோப்பை நீட்டியபடியே கேட்டுவிட்டார்.

"சார், அந்தச் சர்க்கரை என்னோடதுதானே? டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க, சார். பசங்க சின்னதுங்க. பயமா இருக்கு."

மேலாளர் நிதானமாகக் கையெழுத்துப் போட்டார்.

"சொன்னா எல்லாரோட லீவும் போயிடுமேப்பா."

ஆனாலும் அவர் ஈரநெஞ்சக்காரர். வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

"உடம்பைப் பாத்துக்கப்பா. அடுத்த வருஷப் பரிசோதனைக்கும் உன்னைத்தான் நம்பியிருக்கோம்."