எட்டரை வட்டிக்கு ஒரு நடை

வங்கியின் கண்ணாடிக் கதவுக்கு இன்னும் ஆறடிதான் இருந்தது. கிரிதரை யாரும் கூப்பிடவில்லை.

அவர் வேகத்தைக் குறைத்தார். பிராகாரம் சுற்றுகிறவர் மாதிரி நடந்தார். குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தார். அது சரிசெய்வதற்கு வாரே இல்லாத செருப்பு.

இந்த வித்தையில்தான் மாமல்லபுரத்தில் நாலாயிரம் சொன்ன கல் பிள்ளையாரைத் தொள்ளாயிரத்துக்கு வாங்கினார். விலை கேட்க வேண்டியது, உதட்டைப் பிதுக்க வேண்டியது, திரும்பிப் பார்க்காமல் நடக்க வேண்டியது. நாலு கடை தாண்டுவதற்குள் "சார், வாங்க சார்" என்று குரல் வந்துவிடும். அந்தப் பிள்ளையாருக்குத் தும்பிக்கையில் விரிசல் இருப்பதை எங்கள் தெருவில் எல்லோரும் பார்த்துவிட்டோம். அவரிடம்தான் யாரும் சொல்லவில்லை.

"டோக்கன் நம்பர் நாற்பத்தி ரெண்டு" என்றது இயந்திரம். வேறு யாரோ எழுந்து பக்கத்து மேஜைக்குப் போனார்.

விவகாரம் இதுதான். செங்கல்பட்டு வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லியாயிற்று. படூரில் ஜெபக்குமார் என்பவரின் பழைய ஃபிளாட்டுக்கு இரண்டு லட்சம் அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. நாற்பத்தைந்து நாளில் மீதியைத் தராவிட்டால் அட்வான்ஸும் போச்சு, வீடும் போச்சு. அந்த இரண்டு லட்சம், பள்ளி ஆசிரியையான மனைவி சாருலதாவின் பி.எஃப். பணம். அதனால் அக்ரிமென்ட் அவள் பெயரில். பேரம் மட்டும் இவர் பெயரில்.

கடன் அதிகாரி மேக்னா, எட்டரை சதவீத வட்டி, பிராசசிங் பத்தாயிரம், வக்கீலுக்கு ஏழாயிரம் என்று சொன்னதுதான் தாமதம், கிரிதர் உதட்டைப் பிதுக்கிவிட்டார்.

"எட்டு. பிராசசிங் கெடையாது. இல்லன்னா கெளம்பறேன்."

"எல்லாருக்கும் இதே ரேட்தான் சார்."

"எல்லாரும் நானும் ஒண்ணா?"

சாருலதா ஃபைலை மடியில் வைத்தபடி அசையாமல் இருந்தாள். "நீங்க முன்னாடி நடங்க. நான் வரேன்" என்றாள். முழங்கால் வலி, பாவம்.

வாசல் காவலர் கேசவன் கதவைத் திறந்தார். "இன்னா சார், வேல முடிஞ்சிதா?"

"இப்ப கூப்புடுவாங்க பாருங்க."

"யாரு சார்?"

ஸ்கூட்டர் வாசலிலேயே நின்றது. அதில் ஏறினால் கூப்பிடுகிற குரல் காதில் விழாது என்பது கிரிதரின் கொள்கை. ஆகவே ஜி.எஸ்.டி. ரோடு முனை வரை நடந்தார், திரும்பி வந்தார், மறுபடி நடந்தார். சர்க்கரைக்காகத் தினம் முக்கால் மணி நேரம் நடக்கும்படி டாக்டர் சொல்லி ஒரு வருஷமாகிறது. கொளவாய் ஏரிக்கரைக்கு ஒரே ஒரு நாள் போனார். அதுவும் ஸ்கூட்டரில். அதே மனிதர்தான் இவர்.

அரை மணி கழித்து சாரு வந்தாள்.

"என்ன, கூப்பிட்டாளா?"

"உங்களையா? இல்ல."

இரண்டாவது வங்கியில் எட்டே கால் என்றார்கள். தெருவுக்குத் திரும்பியதும் கிரிதர் ஜெயித்த முகத்தோடு எங்களைப் பார்த்துச் சிரித்தார். மறுநாள்தான் கூடவே ஒன்றே முக்கால் லட்சத்துக்கு இன்சூரன்ஸ் என்று தெரிந்தது.

"கட்டாயமா?"

"கட்டாயமில்ல சார். ஆனா எடுக்கணும்."

நடந்தார். மதுராந்தகம் கிளை மேனேஜர் தங்கமானவர் என்று யாரோ சொல்ல, அங்கே போனார். அந்தத் தங்கமானவர் முப்பது வருஷ வில்லங்கமும் மூலப் பத்திரமும் கேட்டார். அதற்காகப் பத்திர ஆபீஸுக்கு எட்டு நாள் அலைந்து கொண்டுபோய்க் கொடுத்தபோது, அதைப் படிக்க வக்கீலுக்கு இருபத்திரண்டாயிரம் ஆகும் என்றார். கிரிதர் மதுராந்தகம் ஏரிக்கரை வரை நடந்தார். கொக்கு ஒன்று திரும்பிப் பார்த்தது.

பிறகு வந்தான் புரோக்கர் தாமோதரன்.

"அண்ணாத்த, எதுக்கு நீ பேஜாராவுற? எட்டுக்கே முடிச்சுத் தரேன். போனுக்கு ஒரு ஓடிபி வரும், அத மட்டும் சொல்லு."

சொன்னார். தாமோதரன் ஒரே நாளில் பதினோரு கம்பெனிகளுக்கு அவர் பெயரில் விண்ணப்பம் போட்டுவிட்டான். காலை ஆறு மணியிலிருந்து போன். ஒரு பெண் இந்தியிலேயே நாற்பது லட்சம் தருகிறேன் என்றாள். ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும், கடன் தகுதியைக் காட்டும் கிரிதரின் சிபில் மதிப்பெண் சறுக்கி, எழுநூற்று எழுபத்தொன்றில் இருந்தது அறுநூற்றுத் தொண்ணூறில் வந்து நின்றது.

நாற்பதாவது நாள் மேக்னாவிடமே திரும்பினார்கள். வழக்கம் போல சாரு பின்னால் ஃபைலோடு.

"சரிம்மா. அந்த எட்டரைக்கே ஒத்துக்கறேன்."

மேக்னா கணினியைப் பார்த்தாள். "உங்க பேருல போட்டா, இந்த ஸ்கோருக்கு இப்ப ஒம்பது வருது சார்."

சொல்லிவிட்டு சாருவைப் பார்த்தாள். சாரு கண்ணை மூடித் திறந்தாள். அசதி.

"ஒம்பதா!" கிரிதர் எழுந்தார். செருப்பைச் சரிசெய்தார். நடந்தார். இந்தத் தடவை புதுப் பேருந்து நிலையம் வரை.

கடைசி நாட்களில் மனிதர் பாதியாகிவிட்டார். பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட்டுக்கொண்டார். ராத்திரி சாப்பாட்டில் இரண்டே சப்பாத்தி. ஜெபக்குமார் போன் செய்தால் எடுக்கக் கூட பயம். சாரு மட்டும் விடைத்தாள் திருத்திக்கொண்டு, தூங்கி எழுந்து, பள்ளிக்குப் போய் வந்துகொண்டிருந்தாள். புருஷன் இப்படித் தேயும்போது ஒருத்திக்கு எப்படித் தூக்கம் வருகிறது என்று எங்கள் தெருவில் தனியாகவே பேசினோம்.

நாற்பத்தைந்தாவது நாள் காலையில் கிரிதர் சொன்னார்: "சாரு, முடியலடி. ஒம்பதுக்கே போட்டுடலாம். உன் ரெண்டு லட்சத்த நான் முழுங்கினதா இருக்க வேணாம்."

சாரு டம்ளரை அவர் பக்கம் தள்ளினாள். "காப்பியக் குடிங்க. போலாம்" என்றாள்.

வங்கி வாசலில் ஸ்கூட்டரை நிறுத்துவதற்குள் அவள் முன்னால் உள்ளே போய்விட்டாள். கிரிதர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

கேசவன் பதறிப்போய் வந்தார். "இன்னா சார், இங்க குந்திக்கினு கீறீங்க? இன்னிக்கி நடக்கலியா?"

"இல்லப்பா. தோத்துட்டேன். நடந்தது போதும். இனிமே ஒரு அடி கூட நடக்கறதா இல்ல."

கேசவன் உள்ளே ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"அய்யய்யோ, நிறுத்திடாதீங்க சார்! உங்க வூட்டு மேடம் மொத நாளே அவங்க பேர்ல லோன் எழுதிக் குடுத்து, இப்ப செக்கு வாங்கிக்கினு கீறாங்க. உங்க சுகரு எறங்குற வரைக்கும் யாரும் உங்கள திரும்பக் கூப்டக் கூடாதுன்னு எங்க எல்லாராண்டயும் சொல்லி வச்சிக்கீறாங்க!"